நாற்காலி ஓட்டுநரும் கடலடிச் சுரங்கமும்

ரயில் விரும்பிகளுள் தனியொரு பிரிவினர் உண்டு. அவர்களை நாற்காலி ஓட்டுநர் என்று வகைப்படுத்துவது பொருந்தும். ரயில் சிமுலேட்டர் எனப்படுவது, எஞ்சினின் ஓட்டுநர் அறையை நெம்புகோல், வேகமானி, பிரேக் அழுத்தமானி ஆகியவற்றோடு கணினித் திரையில் அப்படியே எழுப்பிக் காட்டும் விளையாட்டாகும். இவ்விளையாட்டில் நாற்காலி ஓட்டுநர் நாள்தோறும் பணியேற்று, சம்பளமோ சீருடையோ இல்லாமல், எந்த ரயில்வே நிர்வாகமும் கேட்டுக்கொள்ளாமலேயே நேரந்தவறாது வண்டி ஓட்டுகிறார். நிலையத்தை இரண்டு நிமிடம் பிந்தி அடைந்துவிட்டால், இறங்குவதற்கு ஒரு பயணியும் இல்லாத அந்த வண்டியின் பொருட்டு அவர் அடையும் வருத்தம் முற்றிலும் மெய்யானது.

உண்மையான ஓர் இருப்புப்பாதையை அதன் நிலப்பரப்போடு கணினிக்குள் வரைந்து விற்கும் தொகுப்புக்குத் தடம் என்று பெயர். இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனையும் பிரான்சின் கொக்கெலையும் கடலுக்கடியில் இணைத்து 1994-இல் திறக்கப்பட்ட சேனல் சுரங்கம் நல்லதொரு தடமாகுமா என்பது, இப்பிரிவினர் நடுவே தீராத வழக்காகும்.

வழக்கில் எதிர்வாதம் புரிவோர் காட்சிக் கட்சியினர். மலைச்சரிவும் ஆற்றுப்பாலமும் மாலை வெயிலும் கண்டு மகிழவே வண்டி ஏறும் இவர்கள், 50.45 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்தில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலுக்குக் கீழே செல்கிறதென்று கேட்டு ஆசையுடன் நுழைந்து, கடல் தலைக்கு மேலே கிடக்க, கண்ணுக்கு முன்னே கான்கிரீட் வளையம் மட்டுமே வரக் கண்டு மனம் நொந்தவர்கள். கடலில் கரைத்த பெருங்காயமாவது சற்று நேரம் மணந்திருக்கும், கடலுக்கடியில் போட்ட காசு அதுவும் மணக்கவில்லை என்பது இவர்களுடைய முறையீடு. வளையம் ஒன்றை வரைந்து அதையே ஆயிரக்கணக்கில் அடுக்கினால் சுரங்கம் ஆயிற்று என்பதால், தடம் வரைவோருக்கு இதைவிடச் சுகமான வேலை இல்லை என்றும் இவர்கள் ஐயுறுகிறார்கள். மேலும், நிலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் யூரோஸ்டார் ரயில், கார்களையும் லாரிகளையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளோடு பாதையைப் பங்கிட வேண்டியிருப்பதால், சுரங்கத்துக்குள் 160-க்கு அடங்கிவிடுகிறது. ஜப்பானின் கடலடிச் சுரங்கமான செய்கானிலும் சரக்கு வண்டிகளை முன்னிட்டு ஷின்கான்சென் அதிவேக ரயில் பெரும்பாலான நாள்களில் வேகம் குறைத்தே செல்கிறது. ஆகவே, கடலடி அதிவேகத் தடம் என்பதில் கடலும் கண்ணில் படுவதில்லை, அதிவேகமும் கைக்கு வருவதில்லை.

இதற்கு மறுமொழி கூறுவோர் விதிக் கட்சியினர். இப்பாதையில் வண்ண விளக்குக் கம்பங்கள் இல்லை. ஓட்டுநர் கடைப்பிடிக்க வேண்டிய வேகத்தை அவருடைய அறையிலேயே எண்ணாகக் காட்டும் டி.வி.எம்-430 என்னும் சைகை முறையே உள்ளது. சுரங்கமும் மட்டமாகச் செல்வதன்று. தோண்டுவதற்கு ஏற்ற சுண்ணக் களிப்பாறை அடுக்கைத் தொடர்ந்து ஏறியும் இறங்கியும், சில இடங்களில் தொண்ணூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவிலும் செல்வதால், 400 மீட்டர் நீள வண்டியை ஒரே வேகத்தில் வைத்திருப்பது கைத்திறனே ஆகும். கடலுக்கடியில் வண்டியை, சுரங்கத்தின் இரு ரயில் குழாய்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் இரண்டு குகைகள் உண்டு என்பதைச் சொல்லும்போது விதிக் கட்சியினரின் குரல் தழுதழுக்கும்.

இவ்விரு கட்சியிலும் அடங்காதவர் தறையாணி எண்ணுவோர். தறையாணி என்பது இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் ஆணி. உண்மை எஞ்சினில் உள்ள ஆணிகளுள் ஒன்று படத்தில் குறைந்தாலும் பொறுக்காத நுண்ணாய்வாளருக்கு இது காரணப்பெயராயிற்று. இரு ரயில் குழாய்களுக்கும் நடுவிலுள்ள பணிச் சுரங்கத்துக்குச் செல்லும் குறுக்குவழிகள் 375 மீட்டருக்கு ஒன்றாக அமைந்திருப்பதை அறிந்த இவர், முழு வேகத்தில் எட்டரை நொடிக்கு ஒரு கதவு கடந்து செல்ல வேண்டுமெனக் கணக்கிட்டு, கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி இருட்டைச் சோதிப்பார்.

சுரங்கத்தைக் கடக்க ஆகும் ஏறத்தாழ 19 நிமிடங்களே வீட்டாருக்குச் சோதனைக் காலம். குறித்த இடைவெளியில் ஓட்டுநர் அசைவு காட்டாவிட்டால் தானே பிரேக் போடும் விழிப்புக் கருவி திரையிலும் இயங்குவதால், வாசல் மணி அடித்தாலும் தேநீர் ஆறினாலும் நாற்காலி ஓட்டுநர் எழமாட்டார். கறுத்த திரையைப் பார்த்துக் கணினி பழுதாகிவிட்டதா என்று வினவும் விருந்தினருக்கு, இப்போது கடலின் நடுவே இருப்பதாகத் திரும்பிப் பாராமலே விடையளிப்பார்.

இரு தரப்பையும் சீர்தூக்கினால், சுரங்கத்தை மட்டும் தனியே பெயர்த்துத் தடமாக்குவது பண்டமில்லாத பெட்டியை விற்பதற்கு ஒப்பாகும். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து சுரங்கம் வரையுள்ள 108 கிலோமீட்டர் அதிவேகப் பாதையையும், அக்கரையில் பிரான்சின் சமவெளியையும் சேர்த்து வரைந்தால் மட்டுமே, 300-இலிருந்து 160-க்கு இறங்கி இருளில் புகுவதற்கும், மீண்டும் வெளிச்சத்தில் வேகம் கூட்டுவதற்கும் பொருள் உண்டாகும். மலையையும் ஆற்றையும் எவ்வளவு முயன்று வரைந்தாலும் திரை மெய்க்கு ஒரு படி கீழேதான் நிற்கும். சுரங்கத்திலோ அக்குறை பெரிதும் மறைந்துவிடுகிறது. ஏனெனில், யூரோஸ்டாரை உண்மையாகவே ஓட்டுபவரும் அங்கே கடலைப் பார்ப்பதில்லை.