55 வினாடி போக மீதி

அனுப்புநர்: பத்தாம் வகுப்பு தேறிய ஒரு பெண்ணின் தகப்பன், சீர்காழி வட்டம்.

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: மேல்நிலை முதலாம் ஆண்டு சேர்க்கை – இசையை விருப்பப் பாடமாக எடுப்பேன் என்று மகள் பிடிவாதம் – துறையின் நிம்மதி குலையாமல் தீர்வு காணுதல் – தொடர்பாக.

பார்வை: பள்ளியின் அறிவிப்புப் பலகை.

பெருமதிப்பிற்குரிய துறைக்கு, வணக்கம்.

இது புகார் மனு அல்ல, நன்றிக் கடிதம். புகார் என்றால் அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும், மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும், மாவட்டம் அதைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு "ஏங்க, இதெல்லாம் தேவையா?" என்று கேட்க வேண்டும், கடைசியில் "மனுதாரருக்கு நேரில் விளக்கம் அளிக்கப்பட்டது" என்று எழுதி முடித்துவைக்க வேண்டும். இத்தனை பேருக்கு எதற்குச் சிரமம்?

நன்றி எதற்கென்றால், இசை மீது அரசு வைத்திருக்கும் அக்கறைக்கு. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்து ஓர் அரசாணை வந்ததே, அதை நான் முழுதாகப் படித்தவன். முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், 55 வினாடிக்குள் பாட வேண்டும் என்று அதில் இருக்கிறது. ராகத்தையும் வினாடியையும் அரசாணையில் எழுதிய அரசை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதோடு விட்டார்களா? இசைத்தட்டைப் போட்டு ஒப்பேற்றாமல், பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் எழுதினார்கள். படித்தபோது எனக்குப் புல்லரித்தது. பயிற்சியை யார், எந்தக் கிழமை, எத்தனையாவது பாடவேளையில் கொடுப்பார்கள் என்று அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று திருப்பினேன். அரசாணை முடிந்துவிட்டிருந்தது.

பாதகமில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தப் பயிற்சி தானாகவே நடந்துவிட்டது. காலைப் பிரார்த்தனையில் பாட நாலு பெண்பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள். சுருதிப்பெட்டி கிடையாது, முதலில் யார் வாயைத் திறக்கிறாரோ அவருடைய சுருதிதான் அன்றைக்கு அரசுச் சுருதி. மழைக்காலத்தில் அது ஒரு கட்டை இறங்கும். கைப்பேசியில் பார்த்துப் பார்த்து அவளாகவே சரிசெய்துகொண்டாள். அதனால் வந்த வினைதான் இந்தக் கடிதம். பத்தாம் வகுப்பு மார்க் வந்ததும், "அப்பா, பிளஸ் ஒன்னில் பாட்டு குரூப் எடுக்கிறேன்" என்றாள்.

பள்ளிக்குப் போனோம். பலகையில் குரூப்புகளை வெள்ளை பெயின்ட்டில் அழகாக எழுதியிருந்தார்கள். கணக்கு–உயிரியல், கணக்கு–கணினி, வணிகவியல், வரலாறு, தொழிற்கல்வி. தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் உண்டு, வேளாண் அறிவியல் உண்டு, அலுவலக மேலாண்மையும் செயலியலும் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஃபைல் வைக்கும் முறையில் ஆர்வம் பிறந்தால் அரசு கைவிடாது என்பது எவ்வளவு ஆறுதல்! தலைமையாசிரியர் நல்ல மனிதர். நாங்கள் கேட்டதை முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு நாங்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, "பாட்டா? நல்ல மார்க் எடுத்திருக்காளேங்க, ஃபர்ஸ்ட் குரூப் போடுங்க. பாட்டு எங்க போயிடப் போவுது, ஆண்டு விழாவில பாடிக்கட்டும்" என்றார்.

அவர் மேல் குற்றமே இல்லை. பாட்டு ஓடித்தான் போயிருந்தது. எப்போது போனது என்பதுதான் கேள்வி. மகள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் படித்தபோது கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை 'இசை' என்று இருந்தது. அந்தப் பாடவேளையைப் போல் தயாள குணம் படைத்த ஒன்றை நான் பார்த்ததில்லை. கணக்கு போர்ஷன் முடியவில்லையா, எடுத்துக்கொள். அறிவியல் சிலிப் டெஸ்டா, வைத்துக்கொள். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் ஆங்கிலமும் சமூக அறிவியலும் அதற்காகச் சண்டை போட்டுக்கொள்ளும். யாரும் திருப்பித் தந்ததில்லை, அதுவும் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அட்டவணையிலிருந்தே காணாமல் போயிற்று.

ஏன் எட்டோடு நின்றது என்று விசாரித்தேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று இருக்கிறது. அந்த வழியில்தான் 2012-இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் வந்தார்கள். ஆக, சட்டப்படி எட்டாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைக்குக் காது உண்டு. ஒன்பதில் காது மூடிக்கொள்கிறது. பையன்களுக்குக் குரலும் உடைகிறது. இயற்கையும் சட்டமும் இப்படிக் கைகோத்துச் செயல்படுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நூறு பிள்ளைகள் இல்லாத பள்ளிகளில் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அங்கே குயில்கள் இருக்கும்.

அந்த 16,549 பேரில் பாட்டுச் சொல்லித்தருபவர்களும் உண்டு. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். உயர்ந்து உயர்ந்து 2023-இல் 12,500 ஆக்குவதாக அறிவிப்பு வந்தது. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது பல ஆண்டுகளாக அவர்கள் அழுத மனக்குறை. கோடை விடுமுறையில் வித்துவான்களுக்குப் பசிக்காது என்று துறை எங்கேயோ படித்திருக்க வேண்டும். பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் கல்வி வளாகத்தின் முன் அவர்கள் உட்காரும் படத்தைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: அந்தக் கூட்டத்தின் கோஷத்திலாவது தாளம் தப்பாது. வகுப்பறையில் கேட்க முடியாத கச்சேரியை வளாக வாசலில் துறை இலவசமாகக் கேட்டிருக்கிறது.

வகுப்பு இல்லை என்பதற்காகப் போட்டி இல்லாமல் போய்விடுமா? 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவை நான் எப்படி மறப்பேன்! பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும். வாய்ப்பாட்டு, கருவி இசை, நடனம், நாடகம், எல்லாம் உண்டு. வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம்; வெளிநாட்டுப் பயணம்கூட உண்டு. பயணம் போன பிள்ளைகளைப் பார்த்து மெய்யாகவே சந்தோஷப்பட்டவன் நான். இதில் பகடி இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒருநாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் தகவல் வரும், நாளைக்குள் பெயர்களைத் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும் என்று. ஆசிரியர்கள் வகுப்பு வகுப்பாகப் போய், "யாருக்குடா பாடத் தெரியும்? யார் வீட்டில தவில் இருக்கு?" என்று கேட்பார்கள். தவில்காரர் பேரன் எழுந்து நிற்பான். பறையடிக்கும் தெருவிலிருந்து ஒருவன். டவுனில் காசு கட்டிப் பாட்டு கற்கும் பெண் ஒருத்தி. பள்ளி கற்றுக்கொடுக்காத வித்தையில் பள்ளிக்குக் கோப்பை வரும். விதைக்காத வயலில் அறுவடைத் திருநாள் கொண்டாடும் தைரியம் டெல்டாக்காரனான எனக்கே வராது.

தமிழ்ப் பாடநூலை மட்டும் குறை சொல்ல விடமாட்டேன். முத்தமிழில் இசை நடுவில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலிருந்தே எழுதுகிறார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெயரையும் என் மகள் தூக்கத்திலும் சொல்வாள். பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இளையராஜாவையும் ரகுமானையும் பற்றி 'இசைத்தமிழர் இருவர்' என்று துணைப்பாடமே இருந்தது. இருவருடைய சாதனைகளையும் பிள்ளைகள் நெட்டுருப் போடலாம், கேட்க மட்டும் நேரம் கிடையாது. நெடுவினாவுக்கு அது அவசியமும் இல்லை. துத்தம் எந்த இடத்தில் ஒலிக்கும், இளி எங்கே நிற்கும் என்று ஒரே ஒரு முறை ஒரு ஆர்மோனியத்தை அழுத்திக் காட்டியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் ஒரு மதிப்பெண் வினாவுக்கு அரை நிமிடம் செலவழிப்பது சிக்கனமாகாது.

இனி ஊர் விஷயம். நாங்கள் இருப்பது சீர்காழிப் பக்கம். மூன்று வயதில் ஞானசம்பந்தர் பாடத் தொடங்கிய தலம். நல்லவேளை, அப்போது அவருக்குப் பள்ளியில் பெயர் பதியவில்லை. பதிந்திருந்தால் பதினாறு வயதில் ஃபர்ஸ்ட் குரூப்பில் இருந்திருப்பார், அவர் பாட்டுக்கு யாழ் வாசித்த யாழ்ப்பாணர் பகுதிநேரப் பயிற்றுநராக வாரம் மூன்று அரை நாள் வந்துபோயிருப்பார். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்னும் தமிழிசை மூவருக்கும் சீர்காழியில் மணிமண்டபம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் அரசு இங்கே ஒரு இசைப்பள்ளியும் வைத்திருக்கிறது என்றால் பாருங்கள்! மாநிலத்தில் இப்படி 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள். பன்னிரண்டு வயதிலிருந்து சேரலாம். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் என்று மூன்று வருடப் படிப்பு. தேவாரத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

மகளைக் கூட்டிக்கொண்டு உற்சாகமாகப் போகத்தான் இருந்தேன். வகுப்பு நேரம் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை. அதே நேரத்தில்தான் அவள் பள்ளியிலும் இருந்தாக வேண்டும். இசைப்பள்ளி கலை பண்பாட்டுத் துறைக்குக் கீழ். படிப்புப் பள்ளி தங்களுக்குக் கீழ். இரண்டு துறைக்கும் ஒரே கருவூலம், ஒரே கோட்டை, ஒரே கடிகாரம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பகல் முழுக்க எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு துறை சட்டம் போடுகிறது; அதே பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அதே பகலில் இன்னொரு துறை வரவேற்கிறது. படிப்பா பாட்டா என்று பிள்ளையே முடிவுசெய்துகொள்ளட்டும் என்ற இந்தப் பெருந்தன்மைக்குத்தான் விருப்பப் பாடம் என்று பெயர் போலிருக்கிறது.

மற்ற இடங்களின் கதையைச் சொல்லித் தங்கள் மனத்தைக் கலைக்க விருப்பமில்லை. சி.பி.எஸ்.இ. பாடப் பட்டியலில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கர்நாடக இசை உண்டு. எழுத்துக்கு 30, பாடிக் காட்டுவதற்கு 70 மதிப்பெண். எத்தனை பள்ளி நடத்துகிறது என்பது வேறு கதை, பட்டியலில் பெயராவது இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாகத் தமிழிலேயே எடுக்கலாம். ஆறாம் தரத்திலேயே அழகியல் பாடம் ஏதாவது ஒன்று படித்தாக வேண்டும். போர்க்காலத்திலும் பாட்டைப் பாடமாக வைத்திருந்த ஊர் அது. நமக்கு அப்படிப்பட்ட கஷ்டம் எதுவும் வரவில்லை என்பதால்தான் நாம் வைக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் கோரிக்கை சிறியது. மகள் வணிகவியலில் சேர்ந்துவிட்டாள், அது முடிந்த விஷயம். அவளுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்காக, பலகையில் இன்னும் ஒரு வரி எழுதும் அளவுக்கு வெள்ளை பெயின்ட் அனுப்பி வையுங்கள். கூடவே ஒரு முழுநேர ஆசிரியர், ஒரு சுருதிப்பெட்டி. முடியாதென்றால் இசைப்பள்ளியில் மாலை 5 மணிக்கு ஒரு வகுப்பு. அதுவும் முடியாதென்றால், அமைச்சர்கள் வரும்போது வரவேற்புப் பாட்டுக்கு மூன்று நாள் முன்னதாகப் பிள்ளைகளைக் கணக்கு வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போவதையாவது நிறுத்துங்கள். அவர்கள் கணக்காவது முழுதாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தகப்பன்.

நகல்: கலை பண்பாட்டுத் துறைக்கு. அந்த அலுவலகமும் தங்கள் அலுவலகமும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுவதால் தாங்கள் இருவரும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பில்லை என்பதை உணர்ந்து, தனி உறையில் அனுப்பியிருக்கிறேன்.