அட்மின் சார்

எல்லா ஆபீசிலும் இவர் ஒருவர் இருப்பார். கோயம்புத்தூர் பக்கத்துச் சின்ன கம்பெனி என்றால் பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருப்பார். லீவ் லெட்டர் அடிக்க, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க, மகளுக்கு வரன் தேட, எதற்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டில்தான் உள்ளே போவார். கலெக்டர் காரில் கொத்தமல்லி வாங்கப் போகிற மாதிரி.

அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, இன்ஸ்டால் செய்யும்போதே பேர் கொடுத்தவர்களை எல்லாம் அட்மின் ஆக்கிவிட்டது. கேட்காமல் கிடைத்த பதவியை யார்தான் விடுவார்? பிறகு விஸ்டா வந்து, 'இதைச் செய்யட்டுமா?' என்று நடுவில் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தது. சாதாரண அக்கவுண்ட் என்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அட்மினுக்கு வெறும் 'யெஸ்', 'நோ'. நம் சாருக்கு அதுவும் தேவையில்லை; பெட்டி முழுசாகத் தெரிவதற்குள் 'யெஸ்' அமுங்கியிருக்கும்.

சிஸ்டம் பார்க்கிற தம்பி பொறுமையாகத்தான் சொன்னான்.

"சார், வைரஸ் வந்தா உங்க அதிகாரத்தை வெச்சுத்தான் ஆடும். சாதாரண அக்கவுண்ட்ல ரேன்சம்வேர் வந்தா உங்க ஃபைல் போகும். நீங்க யெஸ் கொடுத்துட்டா, விண்டோஸ் எடுத்து வெச்சிருக்கற பழைய காப்பியையும் அழிச்சிட்டுத்தான் பூட்டும்."

"ஏந்தம்பி, இந்தக் கம்பெனி லேத் பட்டறையா இருந்தப்ப இருந்து நான் இருக்கறேன். நேத்து வந்த பையனுக்கும் எனக்கும் ஒரே அக்கவுண்டா?"

விஷயம் அங்கேதான் இருந்தது. வைரஸ் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, பதவியிறக்கம் பற்றித்தான். எம்.டி.யிடம் சொல்லலாம். ஆனால் அவரும் அட்மின்தான். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தம்பி கெட்டிக்காரன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாருடைய அக்கவுண்டுக்கு 'சீஃப் அட்மின்' என்று பேர் மாற்றினான். பழனி முருகன் படம் வைத்தான். உள்ளே இருந்த அட்மின் அதிகாரத்தை மட்டும் சத்தமில்லாமல் உருவிவிட்டான். திங்கட்கிழமை சார் செக்‌ஷனையே கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். எல்லோருக்கும் டீ.

டேலி ஓடியது, எக்ஸெல் ஓடியது, ஸ்கோரும் தெரிந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை எங்கேயோ கிடைத்த இலவச ஜாதக சாஃப்ட்வேரைச் சார் ஏற்றப் பார்த்தார். இன்டர்காம் அடித்தது.

"தம்பி, பாஸ்வேர்டு கேக்குதே?"

"என்ன போட்டிருக்குன்னு படிங்க சார்."

முதல்முறையாகச் சார் அந்தப் பெட்டியைப் படித்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வெளியிட்டவர் யாருன்னே தெரியாதாம் தம்பி. ஊரு பேரு தெரியாதவன்கிட்டப் புள்ள ஜாதகத்தைக் குடுக்க முடியுமா? வேண்டாம்னு அமுக்கிட்டேன். நீயும் ஜாக்கிரதையா இரு."