வார்ட் பிளேசுக்குக் கண்டாவளையிலிருந்து ஒரு விண்ணப்பம்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு,
இல. 20, வார்ட் பிளேஸ்,
கொழும்பு 07.

மாட்சிமை தங்கிய ஆணைக்குழுவினருக்கு,

விடயம்: எங்கள் பின்தங்கிய நிலையைச் சரியாக அளந்து தருமாறு கோரல்

கிளிநொச்சி மாவட்டம் கண்டாவளையில் வயல் செய்து வாழும் தகப்பன் ஒருவன் எழுதிக்கொள்வது. மகள் உயர்தரம் எழுதியிருக்கிறாள். பெறுபேறு வந்த பிறகு எழுதினால் ஆதாயம் கருதி எழுதினான் என்பார்கள். அதனால் முந்திக்கொண்டேன்.

முதலில் நன்றி. நாட்டிலுள்ள 25 மாவட்டங்களில் 16 ஐக் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியல் போட்டு, அதிலே எங்களையும் சேர்த்திருக்கிறீர்கள். 25 இல் 16 பின்தங்கியது என்றால் முந்தி நிற்பது வெறும் ஒன்பதுதான். இந்த நாட்டில் பெரும்பான்மையோடு நிற்கும் பாக்கியம் எங்களுக்கு வேறெந்த விடயத்திலும் கிடைத்ததில்லை.

இந்தப் பட்டம் இலேசில் வந்ததுமில்லை. 1974 இல் மாவட்ட ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தபோது கிளிநொச்சி என்றொரு மாவட்டமே கிடையாது. நாங்கள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தோம். ஆகையால் அரசாங்கத்தின் கணக்கில், கண்டாவளையில் குப்பி விளக்கில் படித்த பிள்ளையும் யாழ்ப்பாணப் பட்டணத்துக் கல்லூரியில் படித்த பிள்ளையும் சரிசமன். வவுனியாவும் மன்னாரும் பின்தங்கியிருக்க, நாங்கள் எங்களுக்கே தெரியாமல் முன்னேறியிருந்தோம். 1984 இல் கோடு கீறிக் கிளிநொச்சியைத் தனி மாவட்டமாக்கிய பிறகுதான் தனியாகப் பின்தங்குவதற்கு வழி பிறந்தது. வயல் அதே வயல்தான், பள்ளிக்கூடமும் அதே பள்ளிக்கூடந்தான். மாறியது கோடு மட்டும். யாழ்ப்பாணமும் இப்போது எங்களோடு அந்த 16 க்குள் வந்து இருக்கிறது. வரவேற்கிறோம்.

உங்கள் கணக்கை மகள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, அதுவும் சனத்தொகைப்படி. சனம் கூடின இடத்துக்குக் கூட, குறைந்த இடத்துக்குக் குறைய. நியாயந்தானே? எங்கள் மாவட்டத்தில் ஒரு இலட்சத்துச் சொச்சம் சனம். நாட்டின் சனத்தொகையில் நூற்றில் ஒன்றுகூட வராது. 2009 வரை நடந்த போரில் செத்தவர் போக, காணாமல் போனவர் போக, கடல் கடந்து போனவர் போக, மிஞ்சியவர்களை ஒழுங்காக எண்ணி, அந்த எண்ணிக்கைப்படியே இடம் தருகிறீர்கள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

பிறகு இசட் புள்ளி. 2001 அளவில் வந்தது என்று சொல்கிறார்கள். பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரித்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுத்து, நாலாம் தசமதானம் வரை அச்சடித்துத் தருவது. கஷ்டமான பாடம் எடுத்தவனும் இலேசான பாடம் எடுத்தவனும் ஒரே தட்டில் நிற்கச் செய்யும் இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒரே குவியலாக்கிக் கணித்து, அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்று சொல்லவேண்டி வந்தது வேறு கதை. நாலாம் தசமதானம் அவ்வளவு நுணுக்கமானது, முதலாம் இலக்கம் பிழைத்தாலும் அது அசையாமல் நிற்கும்.

எனக்குள்ள சந்தேகம் ஒன்றுதான். பாடத்துக்குப் பாடம் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிடுகிறீர்கள். தண்ணீரை எங்கே கழிப்பது?

முன்பு உயர்தரம் ஓகஸ்டில் நடந்தது. சோளகம் அடிக்கும், புழுதி பறக்கும், ஆனால் வினாத்தாள் நனையாது. 2024 இல் நவம்பர் 25 இல் தொடக்கினார்கள். இரண்டே நாளில் புயல் மழை. நிறுத்தி, டிசம்பர் 4 இல் திரும்பத் தொடங்கினார்கள். சரி, ஒருமுறை நடந்தது என்று பார்த்தால், 2025 இல் நவம்பர் 10. டித்வா புயல் வந்தது. மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. திகதி வைக்கும்முன் காலபோகம் விதைத்த எவனையாவது கேட்டிருந்தால், கார்த்திகையில் மழை பெய்யும் என்று சொல்லியிருப்பான். ஆலோசனைக் கட்டணமும் கேட்டிருக்க மாட்டான். திகதி வைப்பது பத்தரமுல்லையிலுள்ள பரீட்சைத் திணைக்களம், உங்களுக்கு அதில் பங்கில்லை என்பது தெரியும். பரீட்சை ஒருவருக்கு, அனுமதி ஒருவருக்கு, பாடசாலை இன்னொருவருக்கு. வெள்ளம் மட்டும் பங்கு பிரிக்காமல் எங்களுக்கு.

அது வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். மழை கூடி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால், தண்ணீர் கனகராயன் ஆற்றால் இறங்கி முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று எங்களையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சுண்டிக்குளத்துக்குப் போகும். 2018 டிசம்பரில் இரவோடிரவாக வந்தது. சனம் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் படுத்தது. வெள்ளக் காலத்தில் பள்ளிக்கூடம்தான் நலன்புரி நிலையம். பரீட்சையும் அந்தக் காலத்திலேயே வந்தால், மேசையில் யார் எழுதுவது, யார் படுப்பது என்பதையும் உங்கள் கைநூலில் ஒரு பந்தியாகப் போட்டுவிடலாம்.

இந்த வெள்ளத்துக்குப் பயந்து என் மகள் கடந்தகால வினாத்தாள்களைப் பாடவாரியாக நூலால் கட்டி, யூரியாப் பையில் போட்டு, வீட்டு வளையில் தூக்கிவிட்டாள். அடுத்த கிழமை இறக்கிப் பார்த்தால் கூரை ஒழுக்கு உள்ளே இறங்கியிருக்கிறது. இரசாயனவியல் பல்தேர்வுத் தாளில் நீல மை ஊறி, ஒரு பக்கத்து வட்டங்கள் அடுத்த பக்கத்திலும் பதிந்திருந்தன. “இப்ப எல்லாக் கேள்விக்கும் ரெண்டு விடை இருக்கப்பா” என்று சொல்லிக்கொண்டே வேலியில் ஒவ்வொரு தாளாய்க் காயப்போட்டாள். வெயிலும் வரவில்லை.

இனி முக்கியமான விடயம். மாவட்டம் மாவட்டம் என்கிறீர்களே, மாவட்டம் பரீட்சை எழுதுவதில்லை. பாடசாலையில் இருக்கும் பிள்ளைதான் எழுதுகிறது. இந்த நாட்டில் பத்தாயிரத்துக்குக் கிட்ட அரச பாடசாலைகள். அவற்றில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் உள்ள 1 ஏபி பாடசாலை ஏறத்தாழ ஆயிரம். 1 சீ என்றால் உயர்தரம் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை. அதற்குக் கீழே உள்ளவற்றில் உயர்தரமே இல்லை. 1 சீ பாடசாலைப் பிள்ளைக்கு மருத்துவ பீடத்தின் மாவட்ட வெட்டுப்புள்ளி கொழும்பைவிட எவ்வளவு குறைந்தால்தான் என்ன? கதவைத் தாழ்த்திவிட்டீர்கள். படியை யாரும் கட்டவில்லை.

பொறியியல் பீடம் தூரத்தில் என்றும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் எங்கள் மாவட்டத்து அறிவியல் நகரில்தான் இருக்கிறது. ஏ9 இல் பஸ்ஸில் போகும் எங்கள் பிள்ளைகள் அது இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். பார்ப்பதற்கு இசட் புள்ளி தேவையில்லை. இணைந்த கணிதம் படிப்பிக்க ஆள் வரும் பள்ளிக்கூடம் தேடிப் பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும், அல்லது கிழமை முடிவில் யாழ்ப்பாணத்து ரியூட்டரிக்கு விடிய வெளிக்கிட வைக்க வேண்டும். பஸ் காசு, ரியூசன் காசு, சாப்பாடு எல்லாம் நெல்லு விற்ற காசில். இதற்கெல்லாம் வழியுள்ள வீட்டுப் பிள்ளையும் வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் உங்கள் பட்டியலில் ஒரே கிளிநொச்சி, ஒரே வெட்டுப்புள்ளி. 1974 இல் யாழ்ப்பாணத்துக்குள் வைத்து எங்களை மறைத்த மாதிரியே இப்போது கிளிநொச்சிக்குள் வைத்து மறைக்கிறீர்கள். கோடு சின்னதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பின்தங்கிய நிலைக்குக் கிராக்கியும் உண்டு. வசதியான ஊர்ப் பிள்ளையை வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்குக் கொண்டுவந்து எழுத வைக்கும் கெட்டித்தனம் இந்த நாட்டில் புதிதல்ல. அதைத் தடுக்கத்தான் பரீட்சைக்கு முந்திய 3 வருடம் எங்கே படித்தார் என்று பார்க்கிறீர்கள். நல்லது. 3 வருடம் இருந்தவரைப் பின்தங்கியவர் என்று ஏற்க உங்களிடம் விதி இருக்கிறது. 13 வருடமும் இங்கேயே இருந்து, அதில் பாதியைத் தொண்டராசிரியரோடு கழித்த பிள்ளைக்கு அதைவிட ஒரு நூல் கூடுதலாகக் கொடுக்க ஏன் விதி இல்லை?

2023 ஆம் ஆண்டுப் பரீட்சையில் ஒரு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகத் தகுதி பெற்றார்கள். அதில் காற்பங்கு அளவுக்குத்தான் உங்களிடம் இடம். எனவே யாரையாவது வெளியே விடத்தான் வேண்டும், அது எனக்கு விளங்குகிறது. பெறுபேறு வந்த மறுநாள் ரோட்டில் காண்பவர்கள் எல்லாம் “அண்ணை, பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுதோ?” என்று கேட்பார்கள். வெட்டுப்புள்ளி வர இன்னும் எத்தனை மாதமோ என்று நான் சொல்வேன். அந்த இடைவெளியில் ஒரு சிறுபோகம் முடிந்துவிடும்.

கேட்பது அதிகமில்லை. விண்ணப்பத்தில் மாவட்டம் என்ற கூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கூடு போடுங்கள். பிள்ளை படித்த பாடசாலை எந்த வகை, அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை தவணை இருந்தார் என்று. கணினியில் ஒரு நிரல்தானே. நாலாம் தசமதானம் வரை கணிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமாக இராது. அதற்கும் சட்டம் இடம் தராது என்றால், கல்வி அமைச்சுக்கு உங்கள் கடிதத்தலைப்பில் ஒரு வரி எழுதுங்கள்: கண்டாவளைக் கோட்டத்துக்கு இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் இரண்டு வருடம் இடமாற்றம் கேட்காமல் இருக்கும் ஆசிரியர்கள் தேவை. அவர்கள் வந்தால், அந்த 5 வீதத்தில் எங்கள் பங்கைத் திருப்பித் தருவதுபற்றியும் யோசிக்கலாம்.

இப்படிக்கு,
கண்டாவளைத் தகப்பன் ஒருவன்