ரம் வைத்தியர்

ஊட்டி, குன்னூர், வெலிங்டன் வட்டாரத்தில் டிசம்பர் பிறந்ததும், மாலை ஆறு மணிக்கு மேல் தொழிலைத் தொடங்குபவர் ரம் வைத்தியர். பட்டம் கிடையாது, மங்கி குல்லா உண்டு. பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருப்பதால் அங்கே இந்த இனத்துக்குப் பஞ்சமில்லை. பட்டாளத்தையே பார்க்காத ரம் வைத்தியர்களும் உண்டு. அவர்கள் பட்டாளத்தாரின் மச்சான்கள்.

இவரிடம் 'குடிப்பீங்களா?' என்று கேட்டுவிடக் கூடாது. "குடியா? மருந்துங்க!" என்பார். சொல்லுக்கேற்ப, கேன்டீன் கோட்டாவில் வாங்கிய புட்டி அலமாரியில் இருமல் டானிக்குக்கும் நீலகிரித் தைலத்துக்கும் நடுவே நிற்கும். பிராந்தியை இவர் மதிப்பதில்லை. ரம்மிலும் ஓல்ட் மங்க்தான். அது 1954இல் வந்தது. தமக்கும் அதற்கும் ஒரே வயது என்பதில் இவருக்குத் தனிப் பெருமை.

வைத்தியம் தொடங்க வீட்டில் யாராவது தும்ம வேண்டும். ஒருவரும் தும்மாத நாளில் தாமே தும்மிக்கொள்வார்.

செய்முறையில் மட்டும் இவரைக் குறை சொல்ல முடியாது. முதலில் தண்ணீரில் இரண்டு கிராம்பு, சிறு துண்டு பட்டை, தட்டிய மிளகு, இஞ்சி போட்டுக் கொதிக்க விடுவார். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குளிருகிறவனின் அவசரம் மலைக்குத் தெரியும் என்பது இவர் விளக்கம். அடுப்பை அணைத்த பிறகே புட்டியைத் திறப்பார். ஆல்கஹால் தண்ணீருக்கு முந்தியே கொதித்து ஆவியாகும், அந்த ஆவி தீப்பிடிக்கும். எவர்சில்வர் தம்ளரில் 60 மில்லி ரம், அதன் மேல் வடிகட்டிய வெந்நீர், ஒரு ஸ்பூன் மலைத்தேன், அரை மூடி எலுமிச்சை. மருந்து தயார்.

"ஏங்க, சளி பேரனுக்குத்தானே? நீங்க எதுக்குக் குடிக்கிறீங்க?" என்பார் வீட்டம்மா.

"எனக்கு ஒட்டிக்கக் கூடாதுல்ல?"

பேரனுக்கும் ஒரு தம்ளர் உண்டு. அதே வெந்நீர், அதே மிளகு, தேன், எலுமிச்சை. ரம் மட்டும் இருக்காது. சின்னப் பையனுக்கு அவ்வளவு வீரியம் ஆகாது என்று அந்தப் பங்கையும் வைத்தியரே ஏற்றுக்கொள்வார்.

முதல் தம்ளரில் காது சூடேறும். இரண்டாவதில் கார்கில் வரும். மூன்றாவதில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, "குளிரா? எங்கே குளிர்?" என்று வாசலுக்குப் போய் நிற்பார். வைத்தியம் தோற்கும் இடம் இதுதான். மது, தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றும். ஆனால் அந்தச் சூடு வெளிக்காற்றில் போய்விட, உடலின் உள்வெப்பம் குறையும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவருக்குக் குளிராதது, ஸ்வெட்டரும் இல்லாமல் பனியில் நிற்பவருக்குக் குளிரத்தான் செய்யும்.

மறுநாள் காலை பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். வைத்தியர் தலைவலியோடு கம்பளிக்குள் கிடப்பார். தொண்டைக்கு இதம் தந்தது வெந்நீரும் தேனும் மிளகும். பேர் வாங்கியது ரம்.