எலுமிச்சை நன்னாரி சர்பத்: கரைதலும் கலத்தலும் குறித்த ஓர் ஆய்வு

கோடைப் பிற்பகலில் முன்னறிவிப்பின்றி வரும் விருந்தினருக்காக அடுக்களையில் அவசரமாகக் கூட்டப்பெற்று, “இதெல்லாம் எதுக்குங்க” என்னும் மறுப்புரைக்குப் பின் ஒரு சொட்டும் மிஞ்சாமல் பருகப்பெறும் பானமே இவ்வாய்வில் சர்பத் எனக் கொள்ளப்படும். எலுமிச்சைச் சாறு, நன்னாரி மணப்பாகு, சர்க்கரை, ஊறிய சப்ஜா விதை, தண்ணீர் ஆகியவை இதன் உறுப்புகள். பாட்டிலில் வாங்கிய பாகில் தண்ணீர் ஊற்றுவதையே சர்பத் செய்தல் என்பாரும் உளர்; அவர்தம் கொள்கை இங்கு ஆராயப்படவில்லை.

முதற்கண் எழுவது வரிசைச் சிக்கல். ஐஸ் போட்ட தண்ணீரில் சர்க்கரை கரையாது என்பது அடுக்களையில் மறுப்பின்றி வழங்கும் கோட்பாடு. ஆயினும் 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையையும், உறைநிலையை ஒட்டிய தண்ணீர் ஏறத்தாழ 180 கிராமையும் கரைத்துக்கொள்ள வல்லவை ஆதலின், ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி என்பது எந்த எல்லையையும் நெருங்குவதில்லை. குளிர் குறைப்பது கரையும் அளவை அன்று, கரையும் வேகத்தையே. அவ்வேகத்துக்குக் காத்திராமல் ஊற்றினால் முதல் டம்ளர் புளித்தும் கடைசி டம்ளர் பாகாகவும் அமையும். முதல் டம்ளர் மதிப்பிற்குரிய பெரியவருக்கும், கடைசி டம்ளர் அடுக்களையை விட்டு நகராத சிறுவனுக்கும் வாய்ப்பது தற்செயல் என நிறுவச் சான்றில்லை.

எலுமிச்சையைப் பிழிகையில், நசுங்கிய விதையும் தோலுக்கு உட்புறத்து வெண்பகுதியும் கசப்பைச் சேர்க்கின்றன. இதற்கு மாற்றாக ஒரு சிட்டிகை உப்பிடும் வழக்கம் உண்டு. உப்பிலுள்ள சோடியம் நாவில் கசப்பை அடக்கி, இனிப்பை மேலெழச் செய்கிறது என 1997 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. பாட்டிமார் இம்முடிவுக்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

நன்னாரி வேரின் மணத்திற்குக் காரணமான சேர்மம் வெனிலாவின் மணப்பொருளுக்கு மாற்றியம், அதாவது அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் வேறுவகையாக அடுக்கப்பட்டது. ஐஸ்கிரீமை விரும்பி நன்னாரியை மருந்து வாடை என ஒதுக்கும் இளையோர் இதைச் சிந்திக்கலாம். சோடா சேர்ப்பதாயின் உப்பு கரைந்த பின்னரே சேர்த்தல் வேண்டும். மாற்றிச் செய்தால் உப்புப் பரல்களின் மேற்பரப்பில் வாயுக் குமிழிகள் திரண்டு பானம் மேடையில் வழியும்.

சப்ஜா எனப்படும் திருநீற்றுப்பச்சிலை விதை தண்ணீரை ஈர்த்து வழுவழுப்பான உறை கொள்ளச் சுமார் கால் மணி நேரம் ஆகும். விருந்தினரோ அதற்குள் “அப்போ கிளம்புறோம்” எனத் தொடங்கிவிடுவர். இவ்விடத்திலேயே சுவை பார்த்தலின் பயன் விளங்குகிறது. சுவை பார்த்தல் எனப்படுவது, கலவை நிறைவுற்றதா என அறியும்பொருட்டு அதன் ஒரு பகுதியைச் செய்பவரே அருந்துதல். தாய் பார்த்துப் புளிப்பு என்பார். சர்க்கரை சேர்ந்தபின் மகள் பார்த்துத் தித்திப்பு என்பாள். மேலும் சாறு சேர்ந்தபின் இருவரும் பார்ப்பர். இவ்வாறு பார்த்ததில் குறைந்த அளவு தண்ணீரால் நிரப்பப்படுதலின் மீண்டும் பார்த்தல் இன்றியமையாததாகிறது. சப்ஜா ஊறுவதற்கு வேண்டிய கால் மணி நேரம் இவ்வாறே கிடைத்துவிடுவதால், இவ்வழக்கத்தைக் குற்றமெனத் தள்ளுதல் பொருந்தாது.