வீட்டுப் பூனையின் நீர்ச் சாசனங்கள்: ஒரு கல்வெட்டியல் ஆய்வு

தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை ஹுல்ஷ் 1890இல் பதிப்பித்தார். பின்வந்த அறிஞர்கள் கோயில் சுவர், குகை, நடுகல், செப்பேடு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் சோபாவின் முதுகுப்புறம், செருப்பு ஸ்டாண்டின் கால், கேஸ் சிலிண்டரின் அடிவளையம் ஆகியவற்றில் நம் கண்ணெதிரே பொறிக்கப்படும் சாசனங்களைத் தொகுக்க ஒருவரும் முன்வரவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, காய்ந்ததும் மை ஒற்றி எடுப்பதுதான் படியெடுக்கும் மரபு. இங்கே மூல ஆவணமே ஈரமாக இருக்கிறது.

அவையடக்கம் சொல்லாமல் நூல் தொடங்கக்கூடாது. கம்பரே தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு ஒப்பிட்டுக்கொண்டார். அத்தனை பாலைக் குடித்த பிறகு அந்தப் பூனை என்ன செய்தது என்பதில் உரையாசிரியர்கள் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. கடற்கரை, வேண்டிய மட்டும் மணல். அதற்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. கஷ்டமெல்லாம் வெட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில்தான்.

முதலில் ஆவணங்களை வகை பிரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் வைத்தியத்தில் இறங்குகிறவர்களே அதிகம். பூனையின் நீர் ஆவணங்கள் இரண்டு வகைப்படும்: நின்றது, இருந்தது. நின்றது சாசனம். பூனை சுவருக்கோ அலமாரிக்கோ புட்டத்தைக் காட்டி நிற்கும்; வால் கொடிமரம்போல் நிமிரும்; வால்நுனி நடுங்கும்; பின்னங்கால்கள் மாறிமாறி மிதிக்கும்; பின்னோக்கிக் கொஞ்சமாக ஒரு பீய்ச்சல். அளவு குறைவு, உயரம் சரியாக இன்னொரு பூனையின் மூக்கு மட்டம். இருந்தது மனு. பூனை குந்தி உட்கார்ந்து, மெத்தையிலோ மடித்து வைத்த துணியிலோ பாத்ரூம் மிதியடியிலோ மூத்திரப்பை காலியாகும் வரை பெய்துவிட்டுப் போகும். சாசனம் உரிமையை அறிவிக்கிறது. மனு குறையைத் தெரிவிக்கிறது. மனுவுக்குச் சாசனத்தின் பரிகாரத்தைச் செய்தால் பலன் கிடைக்காது, பட்டா கேட்டு வந்தவருக்கு ரேஷன் கார்டு எழுதிக் கொடுத்த கதையாகிவிடும்.

சாசனத்தை முதலில் பார்ப்போம். ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்தபோது அதன் எல்லையில் பெண் யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு வரம்பு வகுத்ததைச் சோழர் செப்பேடுகள் விவரிக்கின்றன. யானை, பாகன், அதிகாரிகள், கையெழுத்திட ஒரு கூட்டம் என்று பெருஞ்செலவு பிடித்த அந்தக் காரியத்தை ஒரு கடுவன் பூனை தன்னந்தனியாக முடித்துவிடுகிறது. கீழ்பாற்கெல்லை பால்கனிக் கதவு, மேல்பாற்கெல்லை ஃபிரிட்ஜ், தென்பாற்கெல்லை ஸ்பீக்கர். வடபாற்கெல்லை விருந்தாளியின் சூட்கேஸ், அதுவும் அவர் ரயிலுக்குக் கிளம்புகிற அன்று.

மையின் வேதியியல் தனியே கவனிக்கத் தக்கது. பூனை மூத்திரத்தில் ஃபெலினைன் என்றொரு கந்தக அமினோ அமிலம் இருக்கிறது. அது உண்டாகத் துணைபுரிவது காக்சின் என்ற புரதம் என்பதை ஜப்பானில் மசாவோ மியாசாகியின் குழு 2006இல் விளக்கியது. கருத்தடை செய்யாத கடுவனிடம் இது அதிகம். கருத்தடை செய்ததிடமும் பெட்டையிடமும் குறைவு. ஃபெலினைனுக்குப் பெரிய வாசனை கிடையாது. அது மெல்ல மெல்ல உடைந்து கந்தகச் சேர்மங்கள் வெளிவரும்போதுதான் வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்குவார்கள். மற்ற மைகள் நாளாக ஆக மங்கும். இது எழுதிய நேரத்தைவிட மறுநாள் துலக்கமாகிறது. சந்திராதித்தவரை நிற்கவேண்டும் என்று மன்னர்கள் கல்லில் வெட்டச் சொன்னார்கள். அவர்களுக்கு ஃபெலினைன் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் கருவி பூனையின் மேலண்ணத்தில் உள்ள யாக்கப்சன் உறுப்பு. சாசனத்தின் எதிரே நின்று, மேலுதட்டைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்து, கண் எங்கோ நிலைக்க அது காற்றை உள்ளே இழுக்கும். தேய்ந்துபோன வட்டெழுத்தைப் படிக்க முயலும் அறிஞரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. மனிதருக்கு அந்தப் பாக்கியம் இல்லாததால் புற ஊதா டார்ச் விற்கிறார்கள். விளக்குகளை அணைத்துவிட்டு அடித்தால் பழைய கறை மஞ்சள் பச்சையாக ஒளிரும். சோப்புத் தூள் கறையும் ஒளிரும் என்பதால் போலிச் சாசனங்களைப் பிரித்தறியும் பயிற்சி தேவை. முதன்முறை டார்ச் அடிப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்வது உத்தமம்.

இனி அழிப்பு முறைகள். இத்துறையில் செல்வாக்கு மிக்கது பினாயில் மரபு. அதன் முதன்மை ஆசிரியர் எங்கள் அத்தை. "நாலு மூடி ஊத்தித் துடைச்சா எந்தப் பூனை வந்து நிக்கும்னு நானும் பாக்கறேன்" என்பது அவருடைய நூற்பா. பூனை வந்து நின்றது. தன் சாசனத்தின் மேல் யாரோ ஒரு வலிய அரசன் காரமான சாசனம் எழுதியிருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். மேலே மறுபடி எழுதும். அத்தோடு போகாது. பினாயில், டெட்டால் போன்றவற்றில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரல் சரியாகச் செய்யாது. ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கி, அதை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். பிளீச்சிங் பவுடரும் ஆகாது. மூத்திரத்தின் அமோனியாவோடு அது சேர்ந்தால் கிளம்பும் குளோரமின் வாயு நம் மூச்சையே அடைக்கும். அத்தையிடம் இதை விளக்கியபோது, "அப்ப நான்தான் வீட்டை விட்டுப் போகணும்" என்றார். அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் அரிது. பழந்துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் கழுவி, செல்லப் பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை மூத்திரம் இறங்கிய ஆழம் வரை நனைய ஊற்றித் தானாகக் காயவிட வேண்டும். மேலாகத் தெளித்து உடனே துடைத்தால் கடைக்காரருக்கு மட்டுமே லாபம். பூனையின் மூக்கைக் கறையில் அழுத்தித் தேய்க்கும் தண்டனை மரபு ஒன்றும் உண்டு. அதனால் பூனை கற்பது ஒன்றே: இந்த ஆள் ஆபத்தானவன். பயந்த பூனை கூடுதலாக எழுதும்.

அழித்தாலும் எழுதுவதற்கான காரணம் அப்படியே இருக்கும். ஜன்னலுக்கு அடியிலும் வாசற்கதவிலும் மட்டும் சாசனம் இருந்தால் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே ஒரு தெருக் கடுவன் உட்கார்ந்து காலை நீட்டி நக்கிக்கொண்டிருக்கும். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு ஒரு காகிதம் ஒட்டினாலே பல வீடுகளில் பாதி வழக்கு தீரும். சிலிண்டர் விஷயத்தில் எனக்கொரு கருதுகோள் உண்டு. அது எத்தனையோ தெருக்களையும் கிடங்குகளையும் கடந்து, முன்பின் தெரியாத பூனைகளின் மெய்க்கீர்த்தியோடு வீட்டுக்குள் வருகிறது. பதில் எழுதாமல் எந்தக் கடுவனால் சும்மா இருக்க முடியும்?

கடுவனுக்கு உறுதியான வழி ஆபரேஷன்தான். கருத்தடைக்குப் பின் பெரும்பான்மை எழுதுவதை விட்டுவிடும். ஆனால் ஏறத்தாழ 10 சதவீதக் கடுவன்களும் 5 சதவீதப் பெட்டைகளும் அதற்குப் பிறகும் எழுதுகின்றன. பெட்டையும் எழுதும் என்பதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் பெட்டை வளர்த்ததில்லை. 1990களில் பிரான்சின் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பாஜா வேறொரு வழி பார்த்தார். பூனை கன்னத்தைத் தேய்த்த இடத்தில் நீரைப் பீய்ச்சுவது குறைவு என்பதால், கன்னத்தில் சுரப்பதைப் போன்ற ஒன்றைச் செயற்கையாகச் செய்து பிளக்கில் சொருகும் புட்டியில் அடைத்தார்கள். விலை கனம், சில வீடுகளில் கேட்கிறது, சில வீடுகளில் இல்லை. பிடிவாதக்காரப் பூனைகளுக்கு மருத்துவர் மனஅழுத்த மாத்திரையே எழுதித் தருவதுண்டு. வீட்டில் மற்றவர்களுக்குத் தருவதில்லை.

மனு வகைக்கு வருவோம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலங்களின் காட்டுப்பூனை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து, மூத்திரத்தைக் கெட்டியாக்கி, மணலைத் தோண்டிப் புதைப்பது அதன் குடும்ப வழக்கம். தெருவில் எம்-சாண்ட் கொட்டிய அன்றே ஊர்ப் பூனையெல்லாம் அதைப் பொதுக் கழிப்பிடமாக்குவதன் சரித்திரப் பின்னணி இதுதான். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், எண்ணெயை உறிஞ்ச விற்றுக்கொண்டிருந்த களிமண் குருணையைப் பூனைக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்தார். அங்கிருந்து கிளம்பியதுதான் பூனையின் கழிப்பெட்டியில் நிரப்பும் லிட்டர் வியாபாரம். பிறகு அதில் மல்லிகை, லாவண்டர் என்று வாசனை சேர்த்தார்கள். வாசனை வாங்குகிறவருக்காக; உட்காரும் பூனைக்கு அது பிடிக்காது.

மனுவின் வாசகங்கள் அநேகமாக இவைதான்: பெட்டி சிறிது, திரும்பிக்கூட உட்கார முடியவில்லை; சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்; வாஷிங் மெஷின் திடீரென்று உறுமுகிறது; நேற்றையதை இன்னும் அள்ளவில்லை. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஒரு பூனைக்கு இரண்டு.

ஒரே ஒரு மனுவை மட்டும் அன்றைக்கே விசாரிக்க வேண்டும். கடுவன் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, சொட்டுக்கூட வராமல் எழுந்தால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஆய்வை மூடிவைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டிய நேரம் அது.

எங்கள் வீட்டில் பெட்டி இரண்டாக்கப்பட்டது. அள்ளுவது யார் என்ற கேள்விக்கு உத்திரமேரூர்ச் சபையின் வழியைப் பின்பற்றி ஒரு மணல் வாரியம் அமைக்க முடிவாயிற்று. கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி உறுப்பினருக்கு வயது 35க்கு மேல், 70க்குள். கல்லூரியில் படிக்கும் மகன் முதல் வரியிலேயே கழன்றுகொண்டான். அத்தை ஆதார் கார்டை எடுத்துவந்து காட்டினார். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியிழப்பார் என்பது அடுத்த விதி; போன வாரப் பொறுப்பு என் கணவருடையது. கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் தகுதியில்லை என்று அதே கல்வெட்டில் இருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். அந்த வரி மிகவும் சிதைந்திருப்பதாகச் சபை தீர்மானித்து, குடத்தில் ஒரே ஓர் ஓலையைப் போட்டுக் குலுக்கியது.