வீடு பார்க்கப் போகும் முன் நாக்கைப் பாருங்கள்

மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் வாடகைக்கு வீடு தேடும் வடசென்னைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். அட்வான்ஸ் ஆறு மாதமா பத்து மாதமா என்பதெல்லாம் அப்புறம்.

போனில் 'இன்னா சார், வூடு காலியா கீதா?' என்று கேட்டால் அந்த வீடு நேற்றே போயிருக்கும். 'வீடு இருக்குங்களா சார்?' என்றால் யோசித்துச் சொல்வார்கள். 'ஹவுஸ் இன்னும் அவைலபிளா சார்?' என்றால் காபியே கிடைக்கும். வீடு மூன்று தடவையும் அதே வீடுதான்.

ழகரத்தைக் கவனியுங்கள். தெற்கத்திக்காரர் 'வாளப்பளம்' என்றால் 'ஊர்ப் பேச்சு, கேட்க நல்லா இருக்கு' என்பார்கள். நீங்கள் 'வாயப்பயம்' என்றால் அது படிக்காத பேச்சு. நான் மாட்டியது 'இழுத்து' என்ற சொல்லின் ழகரத்தில்தான். குளியலறைக் கதவு தரையில் உரசியது. 'இத்த நல்லா இஸ்து சாத்தணுமா சார்?' என்று கேட்டுவிட்டேன். அதுவரை மோட்டார் சுவிட்சைக் காட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கையை எடுத்துக்கொண்டார். திடீரென்று அவர் மகன் அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருவதாக முடிவாகிவிட்டது.

சாமர்த்தியம் என்று நினைத்து 'ஜலம் எப்பவும் வருமா?' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அடுத்த கேள்வி 'பூர்வீகம் எது?', அதற்கடுத்தது 'அங்க எந்தத் தெரு?'. 1960களில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் பிராமணர் தமிழும் மற்றவர் தமிழும் எங்கெங்கே பிரிகின்றன என்று ஆராய்ந்து எழுதினார்கள். வீட்டுக்காரருக்கு அவ்வளவு பாடு கிடையாது. மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்.

கோபம் வந்தால் 'ஸ்டுபிட்' என்று திட்டலாம். 'கஸ்மாலம்' கூடவே கூடாது. அது சுத்த சமஸ்கிருதம், கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணரே அர்ஜுனனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை என்று வாதாடிப் பயனில்லை. கிருஷ்ணர் வாடகைக்கு வரவில்லை. 'பேஜார்', 'பேமானி', 'நாஸ்டா' எல்லாம் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தவை. அதே வழியில் வந்த 'வக்கீல்' மட்டும் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார் (அவருக்கும் வீடு கொடுக்க மாட்டார்கள், ஆனால் காரணம் வேறு).

ஆறுதலுக்கு சினிமா இருக்கிறது. 2004இல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் கமல் இந்தப் பாஷை பேசியபோது, டிக்கெட் வாங்கிப் போய்ச் சிரித்தவர்களில் வீட்டுக்காரர்களும் இருந்திருப்பார்கள்.

எப்படியோ வாயைக் கட்டி வீட்டைப் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒருநாள் தண்ணீர் லாரி வராது. வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நின்றுகொண்டு போனில், 'இன்னாப்பா, இன்னிக்கும் பேஜார் பண்றியா? எங்க கீற?' என்று கத்துவார். ஒரு எழுத்து பிசகாது. நீங்கள் தலையை நிமிர்த்தாமல் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருங்கள்.